சீன வக்கீலை உபசரிக்கும் முறை

கேள்வி: சீன தேசத்து வக்கீல் ஒருவர் சென்னைக்கு விஜயம் செய்து, சில தினங்கள் எங்கள் அலுவலகத்தின் அதிதியாக இருக்கப் போகிறார். தொழில்முறை நட்பு நிலைக்க அவரை எவ்விதம் உபசரிப்பது?
— இளம் வழக்கறிஞர் ஒருவர், சென்னை

பதில்: முதலில் சட்டத்தின் எல்லையை அறிந்துகொள்ளுங்கள். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பின்படி, அந்நிய தேசத்து வக்கீல் தம் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை கூற எப்போதாவது வந்துபோவதற்குத் தடையில்லை எனினும், நம்மவரைப்போல் இங்கே தொழில் நடத்த அவருக்கு அதனால் உரிமை வந்துவிடாது. ஆதலால் ஹைகோர்ட்டுக்கு அவரைப் பார்வையாளராகவே அழைத்துச் செல்லுங்கள்.

சம்பாஷணைக்கு விஷயம் வேண்டுமாயின், சீன நீதிமன்றத்தின் தீர்ப்பை நமது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவின்கீழ் நேரடியாக நிறைவேற்ற இயலாதிருக்க, அங்கு வழங்கப்பட்ட நடுவர் தீர்ப்பையோ, இரு தேசங்களும் ஏற்றுள்ள நியூயார்க் உடன்படிக்கையின் பலத்தால் இங்கே அமல் செய்யக்கூடும் என்ற விசித்திரத்தினும் சுவையானது வேறென்ன இருக்கிறது? 2021 முதல் அமலிலுள்ள அவர்களுடைய சிவில் சட்டத் தொகுப்பைப் பற்றியும் விநயத்துடன் வினவுங்கள்.

சீனப் பெயரில் குடும்பப் பெயரே முன்னே நிற்பதையறிந்து அழைப்பதும், பெயரட்டையை இரு கைகளாலும் வாங்கி வாசிப்பதும், ஆகார வழக்கத்தை முன்கூட்டியே விசாரிப்பதும் உபசாரத்துக்குப் போதும். முதல் நாளிலேயே வழக்குகள் அனுப்பும்படி கேட்பது அநாகரிகம். ஊர் திரும்பியபின் அவர் கோரிய தீர்ப்பின் பிரதியைத் தாமதமின்றி அனுப்பி வைப்பவரையே, இந்திய விவகாரம் ஒன்று கைக்கு வரும்போது அவர் நாடுவார்.