கானோரத்துக் கொடிகளைப் படம் பிடிப்போம்



கண்டிப் பக்கம் கானோரத்திலும் காட்டோரத்திலும் கோவை, முசுமுசுக்கை, பேய்ப்புடல் எல்லாம் தானாகவே படர்ந்து கிடக்கும். இவை நம்ம பாகல், வெள்ளரி, பூசணிக்குச் சொந்தக்காரக் கொடிகள். நோய் தாங்கும் புதிய ரகங்களை உண்டாக்க இப்படியான காட்டு இனங்கள் உதவும். கன்னொறுவையில் உள்ள தாவர மரபுவள நிலையம் பயிர்களோடு அவற்றின் காட்டுச் சொந்தங்களின் விதைகளையும் பாதுகாப்பது அதற்காகத்தான்.

எப்படி அடையாளம் காண்பது?

இலைக்காம்புக்குப் பக்கவாட்டில் சுருள் கம்பி இருக்கும். பெஷன் புரூட் கொடியிலோ அது காம்பின் கக்கத்தில் இருக்கும். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் தெரியும்.

எப்படிப் படம் பிடிப்பது?

இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், சுருள் கம்பி, பூ, காய் என்று ஐந்து படம் எடுங்கள். அளவு தெரிய ஒரு தீப்பெட்டியைப் பக்கத்தில் வையுங்கள். பேய்ப்புடலின் வெள்ளைப் பூ இரவில் மலரும். நான் ஒருமுறை காலை பத்து மணிக்குப் போய் வாடின பூவைத்தான் பிடித்தேன்! பொழுது சாயும்போது லயத்துக்குக் கிட்ட உள்ள கொடியில், துணையோடு போய் எடுங்கள். கொடியைப் பிடுங்க வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் படங்களைப் பேராதனைப் பூங்காவில் உள்ள தேசிய உலர்தாவரகத்தில் காட்டிக் கேட்கலாம்.

கவனம்!

ஐவிரலிக் காய் சிவப்பில் வெள்ளைக் கோடு போட்டு மிட்டாய் மாதிரி இருக்கும். அது நஞ்சு. பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். வீட்டுச் சுரையோ வெள்ளரியோ கடுமையாகக் கசந்தால் கொட்டிவிடுங்கள். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பார்ப்போம், படம் பிடிப்போம். தெரியாததை வாயில் வைக்க வேண்டாம்.