கடை போனில், கணக்கு நோட்டில்

முன்பெல்லாம் கடை வைக்க ஓர் இடம் வேண்டும். அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். மாதா மாதம் வாடகை கட்ட வேண்டும். பெங்களூரில் சிக்பேட்டையிலோ சிவாஜி நகரிலோ ஒரு சின்னக் கடை பிடிப்பதுகூட எளிதல்ல.

இன்று கையில் இருக்கும் மொபைல் போனே கடையாகிவிட்டது. பொருளைப் படம் எடுக்கிறார்கள். விலையை எழுதி அனுப்புகிறார்கள். வாங்குபவர் வீட்டில் இருந்தபடியே கேட்கிறார். பொருள் அவர் வீடு தேடிப் போகிறது. பணமும் போன் வழியாகவே வருகிறது. இதைத்தான் ஆன்லைன் கடை என்கிறோம்.

இது வாடகை இல்லாத கடை. அப்படியானால் செலவே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத செலவு. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கடையைத் திறக்க வேண்டும்.

தபாலில் வந்த கடை

வீட்டில் இருந்தபடி பொருள் வாங்குவது புதிய பழக்கம் அல்ல. நம் நாட்டுத் தபால் துறை 1877-ஆம் ஆண்டிலேயே வி.பி.பி. என்ற முறையைக் கொண்டுவந்தது. வேண்டிய பொருளுக்குக் கடிதம் எழுதினால் போதும். தபால்காரர் பார்சலைக் கொண்டுவருவார். பணத்தை அவரிடம் கொடுத்துப் பார்சலை வாங்கிக்கொள்ளலாம். பணம் விற்றவருக்குப் போய்ச் சேரும்.

அன்று கடிதம் செய்த வேலையை இன்று போன் செய்கிறது. மற்றபடி அடிப்படை மாறவில்லை. பொருள் நல்லதாக இருக்க வேண்டும். முகவரி சரியாக இருக்க வேண்டும். பொருளும் பணமும் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும்.

பெங்களூரில் தொடங்கிய கடைகள்

சச்சின் பன்சால், பின்னி பன்சால் என்ற இரண்டு இளைஞர்கள் 2007-ஆம் ஆண்டு பெங்களூரில் ஃபிளிப்கார்ட் என்ற ஆன்லைன் கடையைத் தொடங்கினார்கள். இடம், கோரமங்கலாவில் ஒரு குடியிருப்பு வீடு. அவர்கள் முதலில் விற்றது புத்தகம் மட்டுமே.

புத்தகம் கெட்டுப் போகாது. கீழே விழுந்தால் உடையாது. சட்டையைப் போல அளவு பார்க்க வேண்டியதில்லை. எந்தக் கடையில் வாங்கினாலும் அதே புத்தகம்தான். தபாலில் அனுப்ப ஏற்ற பொருள் அது. முதல் பொருளை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இதில் உள்ள பாடம்.

முன்பின் தெரியாத கடைக்கு முதலிலேயே பணம் அனுப்ப மக்கள் தயங்கினார்கள். 2010-இல் ஃபிளிப்கார்ட், பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும் என்றது. பழைய வி.பி.பி. முறையின் யோசனையே இது. நம்பிக்கை வந்தது, வியாபாரம் வளர்ந்தது.

துணி விற்கும் மிந்த்ரா என்ற நிறுவனமும் பெங்களூரைச் சேர்ந்தது. 2015 மே மாதம் அது கம்ப்யூட்டர் வழியாக விற்பதை நிறுத்தியது. மொபைல் ஆப்பில் மட்டும்தான் வாங்க முடியும் என்றது. ஓர் ஆண்டு போனது. 2016 ஜூன் மாதம் கம்ப்யூட்டர் வழிக் கடையை மறுபடியும் திறந்தது. போன் எவ்வளவு பெரிய வாசலாக இருந்தாலும் மற்ற வாசல்களை அடைக்கக் கூடாது. சிறு வியாபாரிக்கும் இது பொருந்தும். வாட்ஸ்அப்பில் விற்பவர், போனில் பேசிக் கேட்பவரையும் நேரில் வருபவரையும் விட்டுவிடக் கூடாது.

2015-இல் பெங்களூரில் மீஷோ என்ற நிறுவனம் தொடங்கியது. இதன் வழியாகப் பல பெண்கள் வீட்டில் இருந்தே சேலை, சுடிதார் விற்றார்கள். சரக்கு வாங்கி அடுக்கி வைக்கவில்லை. படங்களை வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். தங்கள் லாபத்தை விலையோடு சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு பொட்டலத்தின் கணக்கு

ஸ்ரீராம்புரத்தில் ஒரு பெண் பிசிபேளேபாத் பொடி அரைத்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் எல்லாருக்கும் அவர் பொடி பிடிக்கும். இனி போன் வழியாகவும் விற்க நினைக்கிறார். கால் கிலோ பொட்டலத்துக்கு அவர் போடும் கணக்கு இது:

மிளகாய், மல்லி, பருப்பு முதலிய சரக்கு – 75 ரூபாய்
அரைவைக் கூலி, கேஸ் – 8 ரூபாய்
பை, லேபிள், அட்டைப் பெட்டி – 12 ரூபாய்
அவருடைய உழைப்புக் கூலி – 25 ரூபாய்
மொத்தம் – 120 ரூபாய்

கடைசி வரியைக் கவனியுங்கள். பலர் தங்கள் கூலியை எழுதுவதில்லை. வறுப்பதும் சலிப்பதும் பொட்டலம் கட்டுவதும் வேலைதான். வீட்டில் செய்வதால் அது இலவசம் ஆகிவிடாது.

விலை 150 ரூபாய் என்று வைக்கிறார். லாபம் 30 ரூபாய். எல்லாரும் செய்வது போல, "அனுப்பும் செலவு இலவசம்" என்றும் எழுதிவிடுகிறார். இங்கேதான் கணக்கு மாறுகிறது.

கூரியரில் ஒரு பொட்டலம் அனுப்ப 48 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 பொட்டலம் அனுப்பினால் ஒன்று திரும்பி வருகிறது. வீடு பூட்டியிருந்திருக்கலாம். வாங்குபவர் வேண்டாம் என்றிருக்கலாம். போவதற்கு 48 ரூபாய், வருவதற்கு 48 ரூபாய். பொட்டலம் பிரிந்துவிட்டது. அதை மறுபடியும் விற்க முடியாது. அதனால் 120 ரூபாயும் போகிறது. மொத்த நஷ்டம் 216 ரூபாய். இதை விற்ற 9 பொட்டலங்களும் சேர்ந்து சுமக்க வேண்டும். ஒரு பொட்டலத்துக்கு 24 ரூபாய்.

இப்போது உண்மையான அடக்க விலையைப் பார்ப்போம்:

பொடி – 120 ரூபாய்
அனுப்பும் செலவு – 48 ரூபாய்
திரும்பி வந்ததன் நஷ்டம் – 24 ரூபாய்
மொத்தம் – 192 ரூபாய்

150 ரூபாய்க்கு விற்றால் பொட்டலத்துக்கு 42 ரூபாய் நஷ்டம். 100 பொட்டலம் விற்றால் 4,200 ரூபாய் நஷ்டம். போனில் ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று தோன்றும். ஆனால் மளிகைக் கடையில் கடன் ஏறிக்கொண்டே போகும். பெரிய நிறுவனத்தின் ஆப் வழியாக விற்றால், அது பிடிக்கும் கமிஷனையும் கட்டணங்களையும் கேட்டறிந்து இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதற்கு வழி என்ன? ஒன்று, அனுப்பும் செலவைத் தனியாகக் கேட்கலாம். இரண்டு, நான்கு பொட்டலங்களை ஒரே பெட்டியில் அனுப்பலாம். பெட்டிக்கு 72 ரூபாய் ஆனால் பொட்டலத்துக்கு 18 ரூபாய்தான். மூன்று, முதலில் பக்கத்துப் பகுதிகளில் மட்டும் விற்கலாம். ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் 10 வீடுகளுக்கு ஆர்டர் எடுத்தால், நேரில் போய்க் கொடுத்துவிட்டு வரலாம்.

படமும் நோட்டும்

வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. முகர்ந்து பார்க்க முடியாது. அவருக்குப் படமும் எழுத்தும்தான் கண். பகல் வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும். எடை, சேர்த்த பொருள்கள், தயாரித்த நாள், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், விலை, அனுப்பும் செலவு ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். இல்லாததை எழுதக் கூடாது. ஏமாந்தவர் மறுமுறை வரமாட்டார்.

ஆர்டர் வந்தவுடன் நோட்டில் எழுத வேண்டும்: தேதி, பெயர், முழு முகவரி, பின்கோடு, போன் நம்பர், எத்தனை பொட்டலம், பணம் வந்ததா, அனுப்பிய நாள், பார்சல் நம்பர். பின்கோடு ஆறு எண்கள் கொண்டது. பெங்களூர் நகரத்தின் பின்கோடு 560 என்று தொடங்கும். ஓர் எண் தவறினால் பார்சல் வேறு ஊருக்குப் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உணவுப் பொருள் விற்பவர், வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். அந்த 14 இலக்கப் பதிவு எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும்.

பொருள் விற்பவரின் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் கர்நாடகத்தில் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். ஆன்லைன் நிறுவனங்கள் வழியாக விற்கும் சிறு வியாபாரிகளுக்கு, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பதானால், 2023 அக்டோபர் 1 முதல் இந்த விலக்கு கிடைத்தது. ஆனால் மசாலாப் பொடி போன்ற வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், விற்பனை குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். ஓசூர் பெங்களூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது தமிழ்நாடு. இதை மறந்துவிடக் கூடாது.

2025 ஜூலை மாதம் கர்நாடக வணிக வரித்துறை சில சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. யு.பி.ஐ. மூலம் அவர்களுக்கு வந்த பணத்தைப் பார்த்து வரி கேட்டது. பயந்துபோன சில கடைக்காரர்கள், "யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள். வங்கிக் கணக்குக்கு வரும் பணம் எல்லாம் விற்பனை ஆகாது. தம்பி அனுப்பிய பணமும் சீட்டுப் பணமும் அதில் கலந்திருக்கலாம். பால், காய்கறி போன்ற வரியில்லாப் பொருள்களை விற்ற பணமும் இருக்கலாம். எது எந்தப் பணம் என்று காட்ட நோட்டு வேண்டும். வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு இருந்தால் இன்னும் நல்லது.

மோசடியை அறிவோம்

ஒரு நாள் இப்படி ஒரு போன் வரலாம்:

"அக்கா, உங்க பொடி 50 பாக்கெட் வேணும். பணம் இப்பவே அனுப்பறேன்."

"சரிங்க தம்பி."

"ஒரு கியூ.ஆர். படம் அனுப்பியிருக்கேன். அதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க. பணம் உங்களுக்கு வந்துடும்."

"பணம் வாங்கறதுக்கு எதுக்குங்க பின் நம்பர்?"

சரியான கேள்வி. பணம் கொடுப்பதற்குத்தான் பின் நம்பர் வேண்டும். பணம் வாங்க அது தேவையே இல்லை. பின் நம்பரைப் போட்டால் பணம் வராது, போகும்.

"பணம் அனுப்பிவிட்டேன்" என்று படம் காட்டுவார்கள். அதை நம்பிப் பொருளை அனுப்பக் கூடாது. நம் கணக்கில் பணம் ஏறியதா என்று பார்க்க வேண்டும். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். தாமதமில்லாமல் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

போன் கடையைத் திறந்து வைக்கும். வாங்குபவரைக் கூட்டி வரும். ஆனால் லாபமா நஷ்டமா என்று சொல்வது நோட்டுதான். படிக்கவும் எழுதவும் கூட்டவும் கழிக்கவும் கற்றவர் கையில்தான் அந்தக் கடை நிலைக்கும்.

பதில் சொல்லுங்கள்

1. வி.பி.பி. முறையில் பணம் எப்போது கொடுப்பார்கள்?
2. ஆன்லைனில் விற்கப் புத்தகம் ஏன் ஏற்ற பொருள்?
3. பொடி விற்கும் பெண் 200 ரூபாய் விலை வைத்து, அனுப்பும் செலவைத் தானே ஏற்றால், ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு லாபம்?
4. பணம் வாங்கும்போது பின் நம்பர் கேட்டால் என்ன செய்வீர்கள்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் அல்லது குழுவில் செய்யும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு, கூலி, பை, அனுப்பும் செலவு, திரும்பி வரும் நஷ்டம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள். கூட்டிப் பாருங்கள். பிறகு விலையை முடிவு செய்யுங்கள்.