நிதி விண்ணப்பம் எழுத ஆள் வைக்கிறீர்களா?

கருமத்தம்பட்டி விசைத்தறிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறிய அறக்கட்டளையா உங்களுடையது? கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதிக்கு விண்ணப்பம் எழுத வெளியாளை அமர்த்துமுன், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி சான்றுகளையும் சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணையும் வாங்கி வையுங்கள். 2021 ஏப்ரல் முதல் அந்தப் பதிவு கட்டாயம். அது இல்லாமல் எத்தனை அழகாக எழுதினாலும் பணம் வராது.

கூலியை வேலைக்கு இவ்வளவு என்று முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கிடைக்கும் நிதியில் சதவீதம் கேட்பவர் வேண்டவே வேண்டாம். அது பிள்ளைகளின் பணம். எழுதுபவரை ஒருநாள் வகுப்புக்கே அழைத்து வாருங்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே படிக்கும் பிள்ளையை நேரில் பார்த்தவரின் எழுத்தே வேறு. விண்ணப்பத்தில் வரும் பட்ஜெட்டை ஆடிட்டரிடம் காட்டுங்கள். கையெழுத்து உங்களுடையது என்பதால் ஒவ்வொரு எண்ணையும் நீங்களும் சரிபாருங்கள். வெளிநாட்டு நன்கொடை என்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி தனியாக வேண்டும்.