அசையாத ஊசி

மின்சாரம் காந்த விளைவை உண்டாக்கும் என்பதை 1820-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் எர்ஸ்டெட் கண்டறிந்தார். அப்படியானால் காந்தம் மின்சாரத்தை உண்டாக்குமா? இவ்வினாவுக்கு விடை கண்டவர் மைக்கேல் ஃபாரடே. 1791-இல் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்த இவர், இளவயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகினார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலில் ஆர்வம் கொண்டார்.

1825-இல் அவர் செய்த சோதனைகள் பலன் தரவில்லை. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1831 ஆகஸ்டு 29-ஆம் நாள், ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பி சுற்றிச் சோதித்தார். ஒரு சுருளை மின்கலத்துடன் இணைத்ததும், மறு சுருளோடு தொடர்புடைய காந்த ஊசி ஒரு கணம் அசைந்து நின்றது. இணைப்பைத் துண்டித்ததும் எதிர்த்திசையில் அசைந்தது. இடையில் மின்னோட்டம் சீராகப் பாய்ந்தபோதோ, ஊசி அசையவே இல்லை!

இவ்வாண்டு எங்கள் ஆய்வகத்திலும் இதைப் போன்றதொரு நிகழ்ச்சி நடந்தது. நாங்கள் ஒரு சட்டக் காந்தத்தைக் கம்பிச்சுருளினுள் வைத்த பின்பே, சுருளைக் கால்வனாமீட்டருடன் இணைத்தோம். ஊசி அசையவில்லை. கருவி பழுதடைந்துவிட்டது என்று எண்ணி, காந்தத்தை வெளியே இழுத்தோம். ஊசி துள்ளியது! உள்ளே செலுத்தியபோது மறுபக்கம் துள்ளியது. விரைவாகச் செலுத்தினால் மிகுதியாகத் துள்ளியது. காந்தம் இருந்தால் மட்டும் போதாது. சுருளின் வழியே செல்லும் காந்தப்பாயம் மாற வேண்டும். அப்போதுதான் மின்னியக்கு விசை தோன்றும். இதுவே மின்காந்தத் தூண்டல்.

ஒரு சுருளில் பாயும் மின்னோட்டம் மாறினால், அச்சுருளிலேயே அம்மாற்றத்தை எதிர்க்கும் மின்னியக்கு விசை எழும். இது தன் மின்தூண்டல். இதைப் பற்றி 1832-இல் எழுதி வெளியிட்டவர் அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி. மின்னோட்டம் வினாடிக்கு 1 ஆம்பியர் வீதம் மாறும்போது 1 வோல்ட் எழுமானால், அச்சுருளின் தன் மின்தூண்டல் எண் 1 ஹென்றி ஆகும்.

சோக் பொருத்திய குழல் விளக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஸ்டார்ட்டர் இணைப்பைத் துண்டித்தவுடன் சோக்கில் மின்னோட்டம் சட்டென்று குறைகிறது. அதனால் எழும் உயர் மின்னழுத்தமே குழலை ஒளிரச் செய்கிறது.

ஃபாரடே பலன் தராத சோதனைகளையும் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். கருவியைக் குறை கூறிய நாங்களும், எங்கள் பதிவேட்டில் ஊசி அசைந்ததை மட்டுமன்றி, அசையாமல் நின்றதையும் எழுதியுள்ளோம்.