கேட் கொட்டேஷனை சதுர அடியில் பார்க்காதீங்க, கிலோவில் பாருங்க

புதுசா அபார்ட்மென்ட்டில் வீடு வாங்கினா, கொஞ்ச நாளில் அசோசியேஷனில் ஒரு பொறுப்பு நம்ம தலையில் விழும். "நீங்க படிச்சவங்க, கணக்கு பார்த்துக்கோங்க" என்பார்கள். முதல் பெரிய செலவு பெரும்பாலும் பார்க்கிங் கேட்டாக இருக்கும். எல்லார் பணமும் இதில் இருக்கு, கையெழுத்து உங்களுடையது. அதனால் ஒரு கொட்டேஷனை எப்படிப் படிக்கணும்னு இன்னைக்குப் பார்ப்போம்.

3.6 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம், ரெண்டு கதவு உள்ள கேட் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 70 சதுர அடி. ரெண்டு பட்டறையில் விலை கேட்கிறீர்கள். ரேட் ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாறும். இங்கே கணக்குக்காக மட்டும்:

பட்டறை 1: சதுர அடி ரூ.260. மொத்தம் ரூ.18,200.
பட்டறை 2: கிலோ ரூ.170. எடை 113 கிலோ. மொத்தம் ரூ.19,210.

பார்த்ததும் முதல் பட்டறைதான் மலிவு என்று தோணும். ஆனா அந்த விலையில் எவ்வளவு இரும்பு வரும்னு எழுதவே இல்லையே!

எடையை நீங்களே போடலாம்

ஸ்கொயர் பைப்புக்கு ஒரு சின்ன சூத்திரம். அளவெல்லாம் மில்லிமீட்டரில்: (பக்கம் − தடிமன்) × தடிமன் × 4 × 0.00785. வருவது ஒரு மீட்டர் பைப்பின் எடை, கிலோவில்.

நம்ம கேட்டுக்கு:

- ஃபிரேமும் நடுச்சட்டமும்: 50×50 பைப், 2 மி.மீ., 18 மீட்டர். மீட்டருக்கு 3.01 கிலோ, ஆக 54 கிலோ.
- நடுவில் நிற்கும் கம்பிகள்: 25×25 பைப், 1.6 மி.மீ., கதவுக்கு 14 வீதம் சுமார் 50 மீட்டர். மீட்டருக்கு 1.18 கிலோ, ஆக 59 கிலோ.

மொத்தம் 113 கிலோ. பைப் மூலை வளைவால் சில சதவீதம் குறையலாம், அது சகஜம்.

இப்போ அதே டிசைனில் ஃபிரேமை 1.6 மி.மீ.யிலும், கம்பியை 1.2 மி.மீ.யிலும் போட்டால்? 89 கிலோதான். வெளியில் நின்று பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. முதல் பட்டறை இதைத் தந்தால் நீங்க கொடுப்பது கிலோவுக்கு ரூ.204! மெல்லிய பைப் சீக்கிரம் துருப்பிடிச்சு ஓட்டையாகும், வெல்டிங்கிலும் எளிதில் பொத்துக்கும். 'மலிவு' கேட் சில வருஷத்தில் மறுபடி செலவு வைக்கும்.

பட்டறையில் "16 கேஜ்" என்றால் சுமார் 1.6 மி.மீ., "14 கேஜ்" என்றால் 2 மி.மீ. எண் ஏறினால் தடிமன் குறையும். கொட்டேஷனில் மி.மீ.யில் எழுதச் சொல்லுங்க.

ஒப்பிடும் முன் கேட்க வேண்டியவை

1. ஜி.எஸ்.டி. சேர்த்த விலையா? கேட்டுக்கு 18%. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லையென்றால் அவர் வரி வசூலிக்க முடியாது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் தனியாக வரி போடக்கூடாது.
2. வண்டிக்கூலி, தூணுக்கு கான்கிரீட், கீல், தாழ்ப்பாள், பெயின்ட் எல்லாம் உள்ளேயா, தனியா?
3. எடை எப்போ போடுவீங்க? வெட்டும் முன் வாங்கிய பைப்பின் எடை அல்ல, முடிந்த கேட்டின் எடைதான் கணக்கு.

பணத்தை மூணு தவணையாகப் பிரிங்க

- 40%: பொருள் வாங்க அட்வான்ஸ்.
- 40%: வெல்டிங் முடிந்து, ரெட் ஆக்சைடு அடிக்கும் முன், நேரில் பார்த்த பிறகு. இணைப்பு சுத்திவர பத்த வைத்திருக்கா, அங்கங்கே புள்ளி வைத்து விட்டிருக்கா என்று பாருங்க. பட்டி, பெயின்ட் ஏறிட்டா ஒண்ணும் தெரியாது. கதவைத் தராசில் ஏற்றுவதும் அப்போதே.
- 20%: மாட்டி 15 நாள் ஓடிய பிறகு. கதவு தொங்குதா, தரையில் உரசுதா என்று அதற்குள் தெரிந்துவிடும்.

குறைக்கவே கூடாத செலவு

இடம் இல்லாமல் ஸ்லைடிங் கேட் போடுகிறீர்களா? அப்போ ட்ராக்கின் ரெண்டு முனையிலும் கேட்டை நிறுத்தும் ஸ்டாப்பர், மேலே சாயாமல் பிடிக்கும் கைடு ரெண்டும் கட்டாயம். இவை இல்லாத கேட்டை வேகமாகத் தள்ளினால் ட்ராக்கை விட்டு வெளியே வந்து சாயும். நூறு கிலோ இரும்பு வாட்ச்மேன் அண்ணன் மேலயோ, விளையாடுற குழந்தை மேலயோ விழுந்தா? சில ஆயிரம் மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை. கொட்டேஷனில் தனி வரியாக எழுதி வாங்குங்க.

அடுத்த மீட்டிங்கில் யாராவது "சதுர அடி என்ன ரேட்?" என்று ஆரம்பித்தால், நீங்க கேளுங்க: "எத்தனை மி.மீ., எத்தனை கிலோ?" இந்தக் கணக்கை நம்ம சேனல் வீடியோவில் ஸ்டெப் பை ஸ்டெப்பா போட்டுக் காட்டியிருக்கேன். உங்க கேட் அளவை வைத்து ஒரு தடவை போட்டுப் பாருங்க.