வம்ச மரத்தைக் கம்ப்யூட்டரில் வரைவது எப்படி?

உங்கள் தாத்தாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். தாத்தாவின் அப்பா பெயர் தெரியுமா? அவருடன் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய வாரிசுகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். இரண்டு வருடங்களுக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் ஊர் கோவளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டைத் தாண்டியதும் வரும். இங்கிருந்து கேளம்பாக்கம் வழியாக சிறுசேரிக்குப் போய் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். என் அப்பாவின் அம்மாவை ஆயா என்று கூப்பிடுவோம். 1939ல் பிறந்தவர். ஆடி அமாவாசை அன்று படையல் போடும்போது ஆயா பெயர் சொல்லிக் கூப்பிடும் முன்னோர்களில் கடைசியாக வருபவர் அவருடைய பெரியப்பா. பட்டணத்துக்குக் கருவாடு விற்கப் போனவர் திரும்பவே இல்லையாம். இறந்த நாள் தெரியாததால் அமாவாசைப் படையல்.

அந்தப் பெரியப்பாவைத் தேடத்தான் வம்ச மரம் வரைய ஆரம்பித்தேன். அதில் கற்றுக்கொண்டதையும், நான் செய்த ஒரு பெரிய தவறையும் இங்கே சொல்கிறேன்.

முதலில் நோட்டுப் புத்தகம்

கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். செல்போனில் பேச்சைப் பதிவு செய்து கொள்ளலாம். "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "சுதந்திரம் வருவதற்கு முன்பா, பின்பா?", "தனுஷ்கோடி புயலின்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேளுங்கள். புயல் வந்தது 1964 டிசம்பரில். அதை வைத்து வருடத்தைக் கணக்கிட்டு விடலாம்.

நம் பெயர் வைக்கும் வழக்கமும் உதவும். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் பெயரன், பேச்சில் பேரன் என்று ஆனான். எனவே ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு அடுத்த தலைமுறையில் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

கல்யாணப் பத்திரிகைகள், பள்ளிச் சான்றிதழ்கள், நிலப் பத்திரங்கள் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். வில்லங்கச் சான்றில் விற்றவர், வாங்கியவர் பெயர்கள் இருக்கும். 2025ல் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தின்போது 2002, 2005 பட்டியல்களில் அப்பா, அம்மா பெயரைத் தேடினோமே, அவையும் வம்ச மரத்துக்கு நல்ல ஆதாரம். எங்கள் ஊரில் 1808ல் எழுந்த கார்மேல் மாதா ஆலயம் இருக்கிறது. இதுபோன்ற பழைய ஆலயங்களின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரோடு ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். பள்ளிவாசல்களில் நிக்காஹ் பதிவேடு இருக்கும்.

இலவச சாப்ட்வேர் கிராம்ப்ஸ்

வம்ச மரம் வரையப் பல சாப்ட்வேர்கள் உண்டு. நான் பயன்படுத்துவது கிராம்ப்ஸ். இது ஓப்பன் சோர்ஸ். இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். யூனிகோட் என்பதால் தமிழிலேயே பெயர்களை டைப் செய்யலாம்.

1. கிராம்ப்ஸின் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். திறந்ததும் பேமிலி ட்ரீஸ் மெனுவில் மேனேஜ் பேமிலி ட்ரீஸ் என்பதை கிளிக் செய்யுங்கள். கிடைக்கும் விண்டோவில் நியூ பட்டனை அழுத்தி ஒரு பெயர் கொடுத்து, லோட் செய்யுங்கள்.

2. பீப்பிள் பகுதிக்குப் போய், கூட்டல் குறியை கிளிக் செய்து முதலில் உங்களைச் சேருங்கள். பிறகு பெற்றோர், அவர்களின் பெற்றோர் என்று மேலே போங்கள். நடுவில் தாவ வேண்டாம்.

3. தேதி சரியாகத் தெரியாவிட்டால் காலியாக விடாதீர்கள். ஆங்கிலத்தில் அபௌட் 1890 என்றோ, பிபோர் 1911 என்றோ டைப் செய்தால் சாப்ட்வேர் புரிந்து கொள்ளும்.

4. ஒவ்வொரு தகவலுக்கும் சைடேஷன் என்ற ஆதாரக் குறிப்பைச் சேர்க்கலாம். அதில் கான்பிடன்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. வெரி லோ முதல் வெரி ஹை வரை ஐந்து நிலைகள். இந்தத் தகவலை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே குறிக்க வேண்டும். இந்தப் பெட்டியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனிஷியலும் முறையும்

இந்த சாப்ட்வேர்கள் மேலை நாட்டுக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சர்நேம் என்று ஒரு பெட்டி கேட்கும். நமக்கு இனிஷியல்தானே? அந்தப் பெட்டியில் அப்பாவின் முழுப் பெயரைக் கொடுத்து, பக்கத்திலுள்ள ஆரிஜின் பட்டியலில் பேட்ரனிமிக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது தகப்பன் வழிப் பெயர் என்று பதிவாகிவிடும். வீட்டில் கூப்பிடும் பெயருக்கு நிக்நேம் பெட்டி இருக்கிறது.

தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்தவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அப்போது ஒரே ஆள் இரண்டு வழிகளில் உறவாவார். அவரை இரண்டு முறை புதிதாகச் சேர்க்கக் கூடாது. ஏற்கனவே உள்ளவரைத் தேர்ந்தெடுத்து இணைக்க வேண்டும். மற்றொன்று, அத்தை மகளும் சித்தப்பா மகளும் சாப்ட்வேருக்கு ஒன்றுதான். இருவரையும் கசின் என்று காட்டும். நம் வீட்டில் ஒருத்தி முறைப்பெண், இன்னொருத்தி தங்கை! எனவே முறையை நோட்ஸ் பகுதியில் தமிழில் எழுதி வையுங்கள்.

கடல் கடந்தவர்களைத் தேட

ஆயாவின் பெரியப்பா காணாமல் போனது 1905 வாக்கில். அந்தக் காலத்தில் சென்னைக்கு வந்த பலரை ஏஜெண்டுகள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றினார்கள். தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதிக்கு முதல் கப்பலான ட்ரூரோ, சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை இப்படி 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள்.

நமக்கு அதிர்ஷ்டம் என்னவென்றால், ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். டர்பனில் குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காந்தி-லுதுலி ஆவண மையம் இந்தக் கப்பல் பட்டியல்களைப் பாதுகாக்கிறது. அவை கம்ப்யூட்டரிலும் ஏற்றப்பட்டுள்ளன. மொரீஷியஸ் போனவர்களுக்கு மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டின் ஆவணங்கள் உண்டு. பிஜிக்கு 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 பேர் போனார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு உண்டு. இந்தியப் பக்கத்து அரசு ஆவணங்களுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை அணுகலாம்.

தேடும்போது எழுத்துக் கூட்டலில் கவனம் தேவை. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி என்பவர் மூன்சாமி ஆகி, அதுவே அவர் பிள்ளைகளுக்கு சர்நேம் ஆகிவிடும். முதலியார் மூட்லி ஆவார். ஆங்கிலத்தில் ஒரே பெயரை ஐந்தாறு விதமாக டைப் செய்து பாருங்கள்.

நான் செய்த தவறு

தேட ஆரம்பித்த மூன்றாவது வாரம், பெரியப்பாவின் பெயரில் ஒருவர் கிடைத்தார். வயது ஒத்துப் போனது. கிராமம் கோவளம். நான் துள்ளிக் குதித்தேன். அன்று இரவே ஆயாவிடம், "உங்க பெரியப்பா கிடைச்சிட்டாரு, தென்னாப்பிரிக்கா போயிருக்காரு" என்று சொல்லிவிட்டேன். ஆயா அழுதார். தெருவில் எல்லோரிடமும் சொன்னார்.

நான்கு நாட்கள் கழித்து அந்தப் பதிவை மரத்தில் சேர்க்க உட்கார்ந்தேன். கான்பிடன்ஸ் பெட்டியில் என்ன போடுவது என்று யோசித்தபோதுதான் மற்ற கட்டங்களைச் சரியாகப் படித்தேன். ஜில்லா என்ற இடத்தில் திருவாங்கூர் என்று இருந்தது. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் ஒரு கோவளம், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோவளம் இருக்கின்றன. இரண்டும் அன்று திருவாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தவை. எங்கள் கோவளம் செங்கல்பட்டு ஜில்லா. தகப்பன் பெயரும் வேறு. யாரோ ஒருவரை ஆயாவுக்குப் பெரியப்பா ஆக்கியிருந்தேன்.

அதை ஆயாவிடம் சொன்னது என் வாழ்க்கையில் கஷ்டமான நிமிடங்களில் ஒன்று. "விடுடா, அது ஒரு வூட்டுப் புள்ளதானே" என்றார். ஆனால் அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எனவே எனக்கு நானே ஒரு விதி வைத்துக் கொண்டேன். பெயர், தகப்பன் பெயர், ஜில்லாவோடு சேர்ந்த ஊர், வயது ஆகிய நான்கில் குறைந்தது மூன்றாவது பொருந்த வேண்டும். அதில் தகப்பன் பெயர் கட்டாயம். வெளியிலிருந்து இன்னொரு ஆதாரமும் வேண்டும். அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை.

எதிர்பாராத உறவு

எங்கள் ஊரை ஆங்கிலேயர் கோவ்லாங் என்று எழுதினார்கள். அந்தப் பழைய ஸ்பெல்லிங்கை வம்ச மரங்களைப் பகிர்ந்து கொள்ளும் ஒரு வெப்சைட்டில் கொடுத்துத் தேடியபோது டர்பனைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மரம் கிடைத்தது. தங்கள் பாட்டனாரின் ஊர் கோவ்லாங், செங்கல்பட்டு என்று குறித்திருந்தார்கள். அந்தப் பெயரில் ஊர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அது இன்றைய கோவளம்தான் என்று சொல்ல ஆள் இல்லாததால் பல வருடங்களாகத் தேடிக் கொண்டிருந்தார்கள்.

பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, ஊர், 18 என்ற வயது அனைத்தும் பொருந்தின. உடல் அடையாளம் இடது முழங்காலில் தழும்பு. விஷயத்தைச் சொல்லாமல், "உங்க பெரியப்பாவுக்கு ஏதாவது அடையாளம் உண்டா ஆயா?" என்று மட்டும் கேட்டேன். "கட்டுமரம் தள்ளும்போது விழுந்து முட்டி கிழிஞ்சிதாம், எங்கப்பா சொல்லும்" என்றார். எந்தக் கால் என்று தெரியவில்லை. டர்பனில் பெரியப்பாவின் மூத்த மகனுக்கு வைத்த பெயர், ஆயாவின் தாத்தாவுடைய பெயர். கான்பிடன்ஸ் பெட்டியில் ஹை என்று போட்டேன். பிறகுதான் ஆயாவிடம் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசினோம். பெரியப்பாவின் பேத்தி பேசினார். ஆயாவுக்கு மகள் முறை. அவருக்குத் தமிழ் வராது. ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்களாம். ஆயா கேட்ட முதல் கேள்வி, "எங்க பெரியப்பா எப்போ செத்தாரு?" என்பதுதான். சான்றிதழைப் பார்த்து 1948 மார்ச் என்று சொன்னார்கள். நான் மொழிபெயர்த்தேன்.

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. 1948ல் அவருக்கு ஒன்பது வயது. அதற்கு முன்பே அவர் அப்பா படையல் போட்டதை அவர் பார்த்திருக்கிறார். "உசுரோட இருந்தவருக்காடா நாங்க படைச்சோம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிறகு தேதியை ஒரு பேப்பரில் எழுதித் தரச் சொல்லி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக் கொண்டார். இப்போது பெரியப்பாவுக்கு மார்ச் மாதத்தில் தனியாகப் படைக்கிறோம்.

சில எச்சரிக்கைகள்

உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை இன்டர்நெட்டில் ஏற்றாதீர்கள். கிராம்ப்ஸில் பூட்டு ஐகானை கிளிக் செய்தால் அந்தப் பதிவு பிரைவேட் ஆகிவிடும். எக்ஸ்போர்ட் செய்யும்போது அவற்றை விலக்கி விடலாம்.

டி.என்.ஏ. சோதனையில் உறவினரைத் தேடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குள் சராசரியாக 12.5 சதவீதம் பொதுவாக இருக்கும். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இது கூடுதலாக வந்து, தூரத்து உறவை நெருங்கிய உறவு என்று காட்டலாம். பாதுகாப்பையும் யோசியுங்கள். 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023ல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் திருடு போயின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் மனு கொடுத்தது. பாஸ்வேர்டை மாற்றிக் கொள்ளலாம், டி.என்.ஏ.வை மாற்ற முடியாது.

வீட்டுக்குத் தெரியாத ஒரு கல்யாணமோ, ஒரு பிள்ளையோ கண்ணில் படலாம். சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருந்தால் அவரிடம் மட்டும், தனியாகப் பேசுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம்.

மாதம் ஒருமுறை பேக்கப் எடுங்கள். ஜெட்காம் பார்மட்டிலும் ஒரு காப்பி எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் வையுங்கள். கிராம்ப்ஸ் இல்லாவிட்டாலும் வேறு வம்ச மர சாப்ட்வேர்களில் அதைத் திறக்கலாம்.

சாப்ட்வேரை அடுத்த வாரம்கூட இன்ஸ்டால் செய்து கொள்ளலாம். வீட்டில் வயதானவர் இருந்தால் நோட்டுப் புத்தகத்தை இன்றே எடுத்துக் கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்லும் ஊர்ப் பெயரை, சொல்லும் விதத்திலேயே எழுதிக் கொள்ளுங்கள்.