பாசிச் சாற்றை எடுத்துக்கொண்டு வைரஸ் ஆய்வுக்கு வரும் பிள்ளைகளுக்கு

1. கையில் இருப்பது எந்தப் பாசி என்பதில் உறுதியாக இருங்கள். மண்டபம் கரையில் கிடைக்கும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் அகர் தருபவை. கயிற்றில் கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸ் தருவது கராஜீனன். அகரில் சல்பேட் குறைவு, கராஜீனனில் அதிகம். வைரஸை எதிர்க்கும் திறன் பெரும்பாலும் அந்தச் சல்பேட்டைப் பொறுத்தது. பறித்த இடத்தையும் மாதத்தையும் பையின் மேலேயே எழுதிவிடுங்கள்.

2. எடுத்த எடுப்பில் வெந்நீரில் போடாதீர்கள். முதலில் ஆல்கஹாலில் ஊறவைத்து நிறமிகளையும் ஃபீனால்களையும் நீக்குங்கள். ஃபீனால் எந்தப் புரதத்தின் மேலும் ஒட்டும்; வைரஸை அடக்கியது அதுவாக இருக்க, பேர் அகர், கராஜீனன் போன்ற பாலிசாக்கரைடுக்குப் போய்விடும். பிறகு வெந்நீர்ச் சாற்றை வடிகட்டி ஆல்கஹாலில் மெல்ல ஊற்றினால், வெள்ளை நூலாகத் திரண்டு கண்ணாடிக் குச்சியில் சுற்றிக்கொண்டு வரும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதற்குள் புரதமும் கலந்திருக்கும். பாலிசாக்கரைடு, புரதம் இரண்டையும் அளக்காமல் அதற்குப் பெயர் சூட்டாதீர்கள்.

3. இந்தப் பாலிசாக்கரைடு வேலை செய்வது பெரும்பாலும் செல்லுக்கு வெளியே. ஹெர்பிஸ் போன்ற வைரஸ்கள் செல்லின் மேலுள்ள ஹெபாரன் சல்பேட்டைப் பிடித்துத்தான் உள்ளே நுழைகின்றன. அதே எதிர்மின்னூட்டம் நம் பாலிசாக்கரைடுக்கும் இருப்பதால் வைரஸ் இதில் ஒட்டிக்கொள்கிறது. எனவே ஒரு தட்டில் சாற்றை வைரஸோடு சேர்த்தே போடுங்கள். இன்னொன்றில், வைரஸ் நுழைந்து ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வந்தால், சாறு செல்லையே கொல்கிறதா என்று பாருங்கள்.

4. பிளாக் எண்ணும் தட்டில் மேலே அகர் ஊற்றாதீர்கள். அதிலுள்ள சல்பேட் பாலிசாக்கரைடே சில வைரஸ்களின் பிளாக்கைக் குறைத்துவிடும்.

5. தென்னாப்பிரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்த கராஜீனன் ஜெல் எச்ஐவியைத் தடுக்கவில்லை என்ற முடிவு 2008-ல் வெளியானது. ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்த பொருள்தான் அது. பெண்கள் சராசரியாகப் பாதிக்கும் குறைவான உறவுகளில்தான் ஜெல்லைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தக் கட்டுரையைச் சுருக்கத்தோடு நிறுத்தாமல் முழுதாகப் படியுங்கள்.

6. நோன்புக்குக் கடல்பாசி காய்ச்சும் வீட்டில், இதைச் சாப்பிட்டால் காய்ச்சல் அண்டாதாமே என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடாதீர்கள். இவ்வளவு பெரிய மூலக்கூறு குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. சளிக்கு மூக்கில் தெளிக்கும் ஐயோட்டா கராஜீனன் வேறு. வைரஸ் வந்து இறங்கும் இடத்திலேயே அது போய் நிற்கிறது. இந்த வித்தியாசத்தை அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.